நாலாவது வளைவில் நின்ற லாரி

அன்போடுதான் தொடங்குகிறேன் அண்ணா,

உன் லாரி ஓடுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அதைத்தான் விசாரித்திருப்பாய், என்னை அல்ல.

நீ போன இந்த எட்டு மாதத்தில் அது அண்ணியைப் படாத பாடு படுத்திவிட்டது. கொலக்கம்பைப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால், அரை மணி நேரத்தில் மிஸ் அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தயங்கும், திணறும், நின்றுவிடும். அதற்குள் சாக்கில் இலை சூடாகிச் சிவந்துபோகும். இன்னொரு நாள் தாமதமானால் லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்கள். அது போனால் அண்ணிக்கு வேறு பிழைப்பு இல்லை.

எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். உன் காரியத்துக்கு வந்து கை நனைக்காமல் திரும்பியவன் வேறென்ன சொல்வான்?

"படிச்சவங்க, ஒருக்கா பாருங்க தம்பி. அப்புறம் இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார் அண்ணி.

பாலிடெக்னிக்கில் இருபது வருடமாக எஞ்சின் பாடம் நடத்துகிறேன். உன் வண்டியை மட்டும் நீ என்னைத் தொடவிட்டதில்லை. இப்போது தடுக்க ஆளில்லை.

ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தேன், சுத்தம். டீசல் ஃபில்டரை மாற்றினேன், பலனில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். எதைத் தளர்த்தினாலும் சத்தம் ஒரேபோல மாறியது. அப்படியென்றால் எல்லா சிலிண்டரும் வேலை செய்கிறது. கோளாறு அதற்கு முன்னால், டீசல் வரும் வழியில்.

மறுநாள் லோடோடு நானும் ஏறிக்கொண்டேன். புது டிரைவர் ராஜுவுக்கு என் வயதுதான் இருக்கும். நாலாவது வளைவு தாண்டியதும் வண்டி திணறி நின்றது.

"பார்த்தீங்களா சார்? இந்த இடம் வந்தாலே இதுக்கு மூச்சு வாங்குதுங்க. கொஞ்சம் நிறுத்திட்டா சரியாயிரும்."

இறங்கிப் போய், டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போனது. பிறகு வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஏறியது.

அடுத்த நாள் மூடியைத் தொடாமல் சும்மா நிற்கவைத்தேன். திணறல் போகவில்லை. அதற்கடுத்த நாள் கீழேயே மூடியைத் தளர்த்திவிட்டேன். ஃபேக்டரி வரை ஒருமுறைகூட மிஸ் அடிக்கவில்லை. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கான சின்ன ஓட்டையை மூடியில் யாரோ ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள்.

மூடியை அண்ணியிடம் காட்டினேன்.

"இதுங்களா? உங்களுக்குக் கை ஒடிஞ்ச வாரம் அவரு அடைச்சது. என் காபிப் பாத்திரத்துல ஈயத்தைக் காய்ச்சிட்டாரு, நாத்தம் தாங்கல. எதுக்குன்னு கேட்டேன். 'அந்த வாத்தியான் மறுபடி அந்த ரோட்டுலதான் வருவான்'னாரு."

பதினோரு வருடம் ஆகிறது. நாலாவது வளைவில் உன் டேங்க் மூடியின் அந்த ஓட்டை வழியாகச் சிந்திய டீசலில் என் பைக் வழுக்கியது. வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை. இந்த மூடியைக்கூட இடது கையால்தான் திறந்தேன். அன்று டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "வளைவுல ஓட்டத் தெரியாதவன் ரோட்டைக் குத்தம் சொல்றான்." அதை நான் மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்த வளைவு தாண்டி லாரியை ஓரம் கட்டிவிட்டு, மூடியைக் கையில் பிடித்தபடி நிற்பாய். கல்லூரி முடிந்து அந்த வழியாக வரும்போதெல்லாம், என்னை வேடிக்கை பார்க்கத்தான் நிற்கிறாய் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வண்டிக்குக் காற்று விடவா நின்றாய்? அதற்கு மட்டுமா?

காற்றை உள்ளே விட்டு டீசலை வெளியே விடாத மூடி கடையில் கிடைக்கிறது. கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நானும் வண்டியை நிறுத்தி, ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

ஈயம் வைத்து அடைத்ததை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் புது மூடி போட்டாகிவிட்டது. லோடு அண்ணியிடமே இருக்கிறது. நேற்று உன் வீட்டில் சாப்பிட்டேன்; ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடுதல்.

மாதம் ஒருமுறை வந்து வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். அது ஓடும்வரை இரும்புக் கடைக்குப் போகாது. அந்த ரோட்டில் ஒரு சொட்டு டீசலும் சிந்தாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
வளைவில் ஓட்டத் தெரியாத
உன் தம்பி