அக்காவின் விரலில் தெரிந்த எண்

அக்கா,

இன்று வேங்கிக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கீழ்பென்னாத்தூர்க்காரி ஒருத்தி, மூச்சிரைக்கும் தன் அக்காவை அழைத்து வந்திருந்தாள். ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை நர்ஸ் அந்த அக்காவின் விரலில் மாட்டியதும் எனக்கு உன் விரல்தான் ஞாபகம் வந்தது.

கொரோனா நேரத்தில் நாம் இருவரும் காய்ச்சலோடு ஒன்றாகத்தானே போனோம். மெஷின் தப்பாகக் காட்டும் என்று உன் நகப்பூச்சைத் துடைத்துவிட்டு மாட்டினார்கள். உனக்குத் தொண்ணூற்றைந்து, எனக்குத் தொண்ணூற்றொன்று. நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே, "இதுலயும் உன்னவிட நான்தான்டி ஜாஸ்தி" என்று சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட மார்க்கிலிருந்து கிரிவல நடை வரைக்கும் எதில்தான் நீ என்னை முந்தவில்லை? எனக்கென்று இருந்தது வெளுப்பு ஒன்றுதான். நீ அரக்குச் சேலை கட்டி வந்துவிட்டால் அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இருந்த ஒரே கட்டில் எனக்குக் கிடைத்தது. "மூச்சு விட முடியலீங்க" என்று நீ சொல்லிப் பார்த்தாய். "உங்களுக்கு நார்மல்மா, வீட்லயே மாத்திரை போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் குணமாகி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று இருந்த டாக்டர் சின்னப் பெண். எண்ணைப் பார்த்தாள், பிறகு அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "கறுப்பா இருக்கறவங்களுக்கு இது சில சமயம் ஜாஸ்தி காட்டும். வெள்ளைக்காரங்க விரல்லயே பெரும்பாலும் சோதிச்சு செஞ்சது. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றாள். ஏதோ மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நகப்பூச்சைத் துடைக்கத் தெரிந்தவர்களுக்கு அன்று தோலைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் கம்மிதான். உடனே கட்டில் கொடுத்தார்கள். "நல்லவேளைங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்று அந்தத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் வயிறு எரிந்தது, அக்கா. இவள் அக்காவுக்குக் கிடைத்த ஒரு ஊசி ரத்தம் என் அக்காவுக்கு ஏன் கிடைக்கவில்லை? நாளைக்கு இவள் தன் அக்காவோடு சண்டை போடுவாள், சேலை கடன் வாங்குவாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவளிடம் தோற்க மனம் வரவில்லை.

"இருக்கா. உங்க அக்காவவிடக் கறுப்பு. உங்க அக்காவவிட அழகு" என்றேன்.