சரவணம்பட்டியில் திரும்பியிருக்க வேண்டும்

அன்புள்ள சம்பந்தி,

முழங்காலில் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துவிட்டு இப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தேன். மூடியைத் திறந்ததுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கள் தெருமுனை திரும்பும் முன்பே இந்த வாசனை வந்துவிடும். அதற்குப் பின்னால்தான் "ஏனுங்க சம்பந்தி, எந்திரிச்சாச்சுங்களா?" என்ற குரல் வரும். ஓட்டம் முடித்துக் குளித்து சர்ச்சில் பூசைக்கு வந்த பிறகும் அது உங்களை விட்டுப் போகாது. உங்களுக்குப் பின் பெஞ்சில் இருப்பவர்கள் செபம் முடியும் வரை தும்முவார்கள்.

நீங்கள் போன பிறகு இந்தச் சீசாவை நான் தொடவில்லை. ஓடினால்தானே வலிப்பதற்கு! இன்று காலை ஓடினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்காலக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று மாப்பிள்ளை வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், யார் யாருக்கோ வண்டி பிடித்துக் கொடுத்தார். அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. வேலைக்குப் போவார், வருவார், லேப்டாப்பைத் திறந்துகொள்வார். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில். "பக்கத்துலதானுங்கப்பா உக்காந்திருக்காரு, ஆனா ஊட்டுல இல்லீங்கப்பா" என்று என் மகள் ஒருநாள் வந்து கண் கலங்கினாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளையிடம் போய், ஏன் அழ மாட்டேன் என்கிறீர்கள் என்று எந்த மாமனார் கேட்பார்?

நம் ஊர் மரியாதை அப்படி. அந்த மரியாதைதானே நம் இருவரையும் கோவில்பாளையம் வரை இழுத்துக்கொண்டு போனது.

என் மகளின் அலுவலகத்தில் ஓட்டப் போட்டி வைத்தார்கள். அவள் நம்மைக் கேட்காமலேயே, "மாமா, அப்பா, ரெண்டு பேரு பேரையும் குடுத்துப்போட்டனுங்க. சக்கரை சக்கரைன்னு பேசிட்டிருக்கறதுக்கு ஓடுங்க" என்றாள். நான் கல்லூரி அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தாராபுரத்துக்கும் கோயமுத்தூருக்கும் இடையே அரசுப் பேருந்தின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே வாழ்நாளெல்லாம் ஓடியவர். மாதக்கணக்கில் நம் கணபதிப் பகுதித் தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்தோம். பிறகு துணிந்து முதல் நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பினோம். சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு.

சரவணம்பட்டி வந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவர் திரும்பாமல் பெண்ணைப் பெற்றவன் முதலில் திரும்பலாமா என்று நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை ஒருவருக்கொருவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலே ஓடினோம். கல்லூரிகள் போயின, குரும்பபாளையம் போனது. எனக்குக் கண் இருட்டியது. "சிரமமா இருக்குதுங்களா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "சேச்சே, நல்லாருக்குதுங்க. உங்களுக்கு?" என்றேன். "எனக்கென்னங்க" என்றீர்கள். கோவில்பாளையத்தில் ஒரு புளியமரத்தடியில் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். யார் முதலில் உட்கார்ந்தது என்று கடைசி வரை நமக்குத் தெரியாமலே போய்விட்டது, நல்லவேளை.

திரும்பி வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் உங்களோடு வேலை பார்த்தவர். "அண்ணா, நீங்களா! இதென்னங்ணா ட்ராயரோட?" என்று அவர் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீங்கள் துண்டைத் தொடைமேல் போட்டுக்கொண்டு என் காதருகே குனிந்து, "உண்மையைச் சொல்றனுங்க சம்பந்தி, நான் சரவணம்பட்டியிலயே செத்துப்போட்டன்" என்றீர்கள். "நான் அதுக்கும் முன்னாடியேங்க" என்றேன். கணபதியில் இறங்கும் வரை இருவரும் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அதுவரை நாம் சம்பந்திகளாக இருந்தோம். சிநேகிதர்களானது அந்த பஸ்ஸில்தான்.

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டோம். முடியாதவர் முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் நமக்கான வேகம் என்று என் மகளும் சொல்லிக் கொடுத்தாள். பேசச் சொன்னால் கேட்க வேண்டுமா நமக்கு! ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தூரம் கூட்டினோம். நான் கிலோமீட்டர் கணக்குச் சொல்வேன், நீங்கள் பஸ் ஸ்டேஜ் கணக்குச் சொல்வீர்கள். நான் அவசரப்படும்போதெல்லாம், "புது வண்டியையே மொதல்ல மெதுவாத்தானுங்க ஓட்டோணும். நாம பழைய வண்டி, இன்னும் மெதுவா" என்பீர்கள். போட்டியில் நமக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் மட்டும்தான். அடுத்த வருடம் அரை மாரத்தானையும் அதே பெருமையோடு ஓடி முடித்தோம்.

இன்று விடியும்போது வாசலில் காலடிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. மாப்பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு நின்றார். "மாமா, ஓடறதுக்குப் போறீங்கன்னா நானும் வாரனுங்க" என்றார். நான் ஓட்டத்தை விட்டு மாதங்கள் ஆகின்றன என்று சொல்ல வாய் வரவில்லை. இது என் மகள் செய்த ஏற்பாடு என்று பிறகுதான் தெரிந்தது.

சத்தி ரோட்டில் இறங்கினோம். பேச்சே இல்லை. எனக்கு ஈடாக ஓட வேண்டுமென்று அவர் வேகம் கூட்ட, அவரை விடக் கூடாதென்று நானும் கூட்டினேன். இருவருக்கும் மூச்சிரைத்தது. ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அடக்கத்தன்றும் இதே முகத்தோடுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. நின்றுவிட்டேன்.

"மாப்பிள்ளை, எனக்கு முடியலீங்க" என்றேன். மாமனார் மாப்பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது! ஆனால் சொல்லிவிட்டேன். "உங்கப்பா இல்லாம எனக்கு ஓடவே முடியலீங்க."

அவர் அப்படியே பூட்டியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு சின்னப் பையனாட்டம் அழுதார், சம்பந்தி. பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, அடிகிடி பட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று கைகாட்டி அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தேன். எனக்கும் அழ வேண்டியிருந்தது, அழுதேன்.

பிறகு நடந்தோம். நடந்துகொண்டே அவர் பேச ஆரம்பித்தார். உங்களைப் பற்றித்தான், நிறுத்தவே இல்லை. கணபதி வருவதற்குள் எனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட்டார். "வியாழக்கெழமையானா அப்பா விடியறதுக்குள்ள தனியா ஓடிட்டு வந்துருவாருங்க மாமா. ஞாயித்துக்கெழமை உங்களுக்கு ஈடு குடுக்கோணுமாம். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உங்களுக்கு இயல்பாகவே தெம்பு அதிகம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! என் சங்கதியையும் கேளுங்கள். ஞாயிறு உங்களோடு ஓட வேண்டுமே என்று சனிக்கிழமை முழுக்க நான் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன். கேட்டால் தலைவலி என்பேன்.

முழங்கால் நன்றாக வலிக்கிறது. ஆனால் மனசு லேசாக இருக்கிறது. முடியாதபோது முடியவில்லை என்று சொல்லும் தைரியம் உங்களோடு ஓடி எனக்கு வந்தது. அது இன்று உங்கள் மகனுக்கும் கொஞ்சம் உதவியிருக்கிறது. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் தனியாக எங்காவது கிளம்பினால் உடனே எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.