கல்லில் விட்ட இடம்

புதுவை,
2.3.79, வெள்ளி இரவு

அன்புள்ள அஞ்சலாட்சி அக்காவுக்கு,

உன் தங்கை வேம்பு எழுதுவது. நீயும் மாமாவும் பாப்பாவும் நலமா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே எல்லாரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விடவில்லை.

நீ கோயம்புத்தூரிலிருந்து போட்ட கடிதத்தை என் தோழி தையல்நாயகி பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். அவள் வீட்டு விலாசத்துக்கே எழுது, இங்கே எழுதிவிடாதே. இப்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சித்தப்பா வாசலில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கைத் தணித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

மாசி மகத்துக்குப் பாப்பாவோடு வந்து, வைத்திக்குப்பம் கடற்கரையிலேயே அப்பா காலில் விழப்போவதாக எழுதியிருக்கிறாய். அவ்வளவு கூட்டத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறாய். வராதே அக்கா. ஏன் என்று சொல்கிறேன். படித்த பிறகு என்னை வெறுத்துவிடாதே.

நீ மாமாவோடு போன மறுவாரமே நம் மீன்பிடி லாஞ்சில் எழுதியிருந்த உன் பெயரைச் சித்தப்பா தார் பூசி அழித்துவிட்டார். அதற்கப்புறம் அப்பா கரையில் நிற்கும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே கிடையாது.

போன மாதம் உன் காலேஜிலிருந்து நன்கொடை கேட்டு வந்தார்கள். புது நூலகம் கட்டியிருக்கிறார்களாம். கொடுப்பவர்கள் சொல்லும் பெயரை உள்ளே வைப்பார்களாம். பெரிய கூடத்துக்கு ஜவுளிக்கடைக்காரர் பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் அலமாரி கொடுத்து, அதில் தன் அம்மா பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது. பெண்கள் படிக்கும் அறைக்குத்தான் ஆள் இல்லை என்றார்கள். நம் அப்பா, கையெழுத்தே போடத் தெரியாதவர், நான் தருகிறேன் என்று எழுந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. பணத்தைக் கொடுக்கப் போனபோது சித்தப்பாவும் கூட வந்தார். படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப் போனார்கள்.

பெரியம்மா மாதிரி இருக்கும் உங்கள் பிரின்சிபால் யார் பெயர் வைக்கலாம் என்று கேட்டார். என் பெரிய பெண் அஞ்சலாட்சி என்றார் அப்பா. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மணி அடித்தாலும் புத்தகத்தை விட்டு எழுந்து போகாத பெண்ணாயிற்றே, பரீட்சைகூட எழுதாமல் நின்றுவிட்டாளே, இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அறையில் இன்னும் நாலைந்து பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பாதான், காய்ச்சல்ல செத்துப்போச்சுங்க என்றார்.

அந்த அம்மா அப்படியே என் பக்கம் திரும்பி, அப்படியா கண்ணு என்று கேட்டார். சித்தப்பாவின் கை என் தோள்மேல் இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன் அக்கா.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போதும் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் கல்தச்சர் கண்ணையன் கல்லைச் செதுக்கி வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். கறுப்புக் கல். "செல்வி அஞ்சலாட்சி நினைவு மகளிர் படிப்பறை". உன்னைச் செல்வி என்றே போட்டிருக்கிறார்கள். கீழே "தோற்றம்", நீ பிறந்த தேதி. பக்கத்தில் "மறைவு". அங்கே ஒன்றும் இல்லை. என்ன தேதி என்று கண்ணையன் நாலு தரம் வந்து கேட்டிருக்கிறார். சித்தப்பா நீ வீட்டைவிட்டுப் போன தேதியைப் போடச் சொன்னார். அப்பா கூடாது என்றார். மொட்டையா நிக்குமே அண்ணே, பாக்கிறவங்க சிரிப்பாங்க என்று கண்ணையன் சொன்னதற்கு, சிரிச்சா சிரிக்கட்டும், நீ கைய வச்சா கல்ல ஒடச்சிடுவேன் என்றாராம் அப்பா.

எல்லாரும் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அஞ்சலாட்சி, மகளிர் படிப்பறை என்று படித்தேன். "நினைவு" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். அவர் உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். கடைசியில் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, இங்க ஒண்ணும் இல்லல்ல என்றார். இல்லப்பா என்றேன். நல்லா பாத்துச் சொல்லு என்றார். ஒண்ணுமே இல்லப்பா என்றேன். கல்லின்மேல் வலையைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. திரையின் கயிற்றை நான்தான் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ ஊருக்குள் வந்தால் அப்பா எல்லார் முன்னாலும் பொய்யர் ஆகிவிடுவார். அதுகூடப் பரவாயில்லை. அவ காலடி பட்டா சொன்னத நெசமாக்கிடுவேன் என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதனால்தான் கெஞ்சுகிறேன், மகத்துக்கு வராதே. உன்னைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? இருந்தும் வராதே என்று நானே எழுதுகிறேன் பார்.

நான் நன்றாகப் படித்து அந்தக் காலேஜில்தான் சேருவேன். அந்த அறையில்தான் உட்காருவேன். பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.

நான் தலையாட்டியதை மன்னித்துவிடு. படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு. சின்னவள் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள். இருந்தாலும் வாழ்த்துகிறேன். நீ நூறு வயது இருக்க வேண்டும் அக்கா. நாங்கள் எல்லாரும் போன பிறகும் அந்தக் கல்லில் அந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும்.

உன் தங்கை,
வேம்பு