புதன்கிழமை வண்டி

மணவாள நகர்,
28-11-1974

என் செல்ல மகள் ரத்னாவுக்கு அப்பா தேசப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்றாலும், நம் வீட்டை ஒட்டிய குப்பைமேடு போகாமல் உன்னை அனுப்ப முடியாது என்று சம்பந்தியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்களே, அதில் எனக்குத் தூக்கமே போயிற்று. அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. போன தடவை வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதானே சாப்பிட்டார்கள். நம் தெருப்பக்கம் குப்பை வண்டி எட்டிப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் புரட்டாசி கடைசியில் தெரு ஆண்களைக் கூட்டி நானே ஒரு ஏற்பாடு செய்தேன். பக்கத்து ஊர் விவசாயி பரசுராமன் மாட்டுவண்டி கொண்டு வருவார், மேட்டையும் கரைத்து, வீட்டுக் குப்பையையும் எருவுக்கு அள்ளிப்போவார் என்று பேச்சு. நாங்கள் எல்லோரும் வேலை முடிந்து ரயிலில் வந்து சேரும் நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

முதல் வெள்ளி எதிர்வீட்டு ஆரோக்கியமேரி ஒரு கூடை கொண்டுவந்தாள், வேறு ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் பரசுராமன், "ஒரு கூடைக்கா நைனா மாட்ட ஓட்டிக்கினு வர்றது?" என்று கேட்டுவிட்டு மேட்டையும் தொடாமல் திரும்பிவிட்டார், இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் வந்து, இந்தத் தெருப் பெண்களுக்குச் சோம்பேறித்தனம் என்று கத்தினேன். உன் அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சப்புறம் எவளாச்சும் ஊட்டுக் குப்பைய வெளிய தள்ளுவாளா? கூட்டம் போட்டீங்களே, எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அத்தனை ஆண்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை, ரத்னா. வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே உன் அம்மாவும் ஆரோக்கியமேரியும் பரசுராமன் வீட்டுக்கு நடந்தே போனார்கள். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கிழமையைப் புதன் காலைக்கு மாற்றி, எருவுக்கான சாணி, சாம்பல் ஒரு கூடை, கண்ணாடி, ஓடு தனிக்கூடை என்று வீடுவீடாகச் சொல்லியும் வந்தார்கள். நேற்றோடு மூன்று புதன் ஆயிற்று. மழையிலும் வண்டி வந்தது. மேடு இருந்த இடத்தில் இன்று காலை உன் அம்மா சாணி தெளித்துக் கோலம் போட்டிருக்கிறாள். நாற்றத்துக்குப் பயந்து நான் ஆணி அடித்து மூடியிருந்த உன் அறை ஜன்னலைத் திறந்துவிட்டேன், கட்டில் அதன் அடியில் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டு, மூக்கு விஷயத்தை மட்டும் விட்டுவிடு. முருங்கைக்கீரை தவறாமல் சாப்பிடு, குடத்தைத் தூக்காதே. உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. எந்தக் கிழமை புறப்படுவது என்று நான் எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
தே.

ரத்னா, பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காது. புதன்கெழம ரயிலேறு. அப்பாவக் கேட்டுத்தான் எழுதறேன். – அம்மா