உங்கள் நிலத்துத் தாழி

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விரல்களிலிருந்து குட்கா நாற்றம் போகவில்லை. சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. வேறு யாரிடம் சொன்னாலும், "இதுக்குப் போயா?" என்பார்கள்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். விடுமுறை வந்தால் மற்றவர்கள் துணிக்கடைக்குப் போவார்கள். நீ என்னை பஸ்ஸில் ஏற்றி ஏதாவது ஓர் ஊர் மியூசியத்துக்கு இழுத்துப் போவாய். கல்லாகிப்போன மரம், பாட்டிலில் மிதக்கும் இரட்டைத் தலைக் கன்று, பஞ்சு பிதுங்கி நிற்கும் கரடி. அந்தப் பாட்டில்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நீயோ கண்ணாடியில் மூக்கு ஒட்ட நிற்பாய். நடுகல் வீரனின் மார்பில் எவனோ பெயின்டால் காதலி பெயரை எழுதியிருந்ததைப் பார்த்து, காவலாளியிடம் நீ போட்ட சத்தத்தில் நான் வாசலுக்கே ஓடிவிட்டேன்.

"ஏன்டி மானத்த வாங்கற?"

"எழுதனவனுக்கே வெக்கமில்ல, எனக்கு எதுக்குடி?" என்றாய்.

அடி அண்ணாமலையில் உங்கள் நிலத்தில் கிணறு வெட்டும்போதுதான் அந்தத் தாழி கிடைத்தது. இடுப்பு உயரம், உள்ளே மண்ணும் எலும்புத் துண்டுகளும். செத்தவர்களை வைத்துப் புதைத்த பானை என்று தெரிந்ததும் உன் அண்ணன் கடப்பாரையைத் தூக்கினார். நீ குறுக்கே போய் நின்றாய்.

"ஒடைக்காதண்ணா. மியூசியத்துக்குக் குடுத்துடலாம். அங்க பத்திரமா இருக்கும்."

தாசில்தாருக்கு மனு எழுதி, அலைந்து, பக்கத்து மாவட்டத்து மியூசியத்தில் அதைச் சேர்த்தாய். உன் அண்ணன் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

இன்று காலை அவரே போன் செய்தார். "அவ குடுத்தத ஒருவாட்டி பாக்கணும்மா. கூட வரீங்களா?"

போனோம். தாழி, மாடிப்படிக்கு அடியில் நின்றது. வாய் நிறைய பிஸ்கட் உறை, டீ கப், வாழைப்பழத் தோல். அதன் தோளில் சிவப்பாகத் துப்பி, காய்ந்து, அதன்மேல் மறுபடி துப்பியிருந்தார்கள். அருகிலிருந்த ஊழியரைக் கேட்டேன்.

"எல்லாரும் அதுலதான் போடறாங்க மேடம்" என்றார், பல் குத்திக்கொண்டே.

உன் அண்ணன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாழிக்குள் கையை விட்டார். ஒரு கை, இன்னொரு கை. "பத்திரமா இருக்கும்னு சொன்னாளே" என்று அவர் முனகியபோதுதான் நானும் கையை விட்டேன். எச்சில் பிசுபிசுத்தது. ஒரு மனிதனை அடக்கம் செய்த இடம் அது. துப்பியவர்கள்மேல் வந்த அருவருப்பைவிட, பல் குத்திக்கொண்டிருந்த அந்த ஆள்மேல் வந்த அருவருப்பு பெரிது. எட்டு மாதமாக எட்டிப் பார்க்காத என்மேலும் கொஞ்சம் வந்தது.

பிறகு கத்தினேன். அதிகாரியின் அறைவரை கத்திக்கொண்டே போனேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். தண்ணீர் வந்தது, துடைப்பம் வந்தது, தாழி படிக்கடியிலிருந்து கூடத்துக்கு வந்தது. ஓர் அட்டை கேட்டு வாங்கி, ஊர்ப் பெயரும் உன் பெயரும் எழுதினேன்.

"இதெல்லாம் யாருங்க படிக்கப் போறாங்க? நீங்க யாரு, டிபார்ட்மென்ட்டா?" என்றார் ஊழியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் சொன்னார்: "எங்க வீட்டுப் பொண்ணு."

பஸ்ஸில் திரும்பினோம். செங்கம் ரோட்டில் இறங்கும்போது அவர் கேட்டார். "அவ இருந்திருந்தா இன்னும் ஜாஸ்தி கத்தியிருப்பா, இல்ல?"

ஆமாம் என்றேன். கத்தியதில் என் தொண்டை இன்னும் கட்டிக்கிடக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சத்தம்தான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். தாழிக்குள் ஒரு காகிதம் கிடந்தாலும் விடமாட்டேன்.