முதல் நாள் நனைப்பு

அப்பாவுக்கு,

நம் ஊர் நராப்ரையிலிருந்து தங்கை மெரின் போன் செய்தாள். சனிக்கிழமை பருத்திக் காட்டில் கொடி பிடித்து, மருந்து தெளிக்கும் உங்கள் விமானத்துக்கு வழி காட்டப் போவது அவள்தானாம். மெரினுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது, போதும் என்று சொன்னீர்களாம். "முதல் நாள் அப்பா என்னையும் நனைப்பாரு இல்லக்கா?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

என்னை நனைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கொடியைத் தூக்கிப் பிடித்து நின்ற என் தலைக்கு மேல் தாழப் பறந்து விமானத்தின் மருந்துத் தொட்டியைத் திறந்துவிட்டீர்கள். மருந்து கலக்கும் கிளாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெறும் தண்ணிதான்டி, இதுக்கா அழுவுற? புதுசா வர்ற எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றீர்கள். முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த தொட்டியை யாருமே கழுவியிருக்கவில்லை. ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குச் சொன்னீர்கள்.

பின்னால் பிறக்கும் பிள்ளையையும் பாதிக்கலாம் என்று கல்லூரிப் பாடத்தில் அந்த மருந்தின் பெயர் வந்தபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது என் பிள்ளை தூங்கினால் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். "நல்லாத்தாம்மா இருக்கான், உனக்கு என்ன பயம்?" என்கிறார் டாக்டர்.

கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் அங்கே வந்துவிடுவேன். மெரின் காருக்குள் இருப்பாள். கொடி என் கையில் இருக்கும், உங்கள் பேரன் என் இடுப்பில் இருப்பான்.

வெறும் தண்ணீர்தானே அப்பா. திறந்துவிடுங்கள்.

உங்கள் மூத்தவள்