வடிகாலுக்கு ஒரு வரி

12 அக்டோபர் 2025, ஞாயிறு, இரவு 9.10. சேரப்பணஞ்சேரி.
குறிப்பு 3: அறிவிப்பு வாசகம்

மழைநீர் வடிகாலில் கழிவு கொட்டலாகாது என்று பதினோரு வரிகளில் நான் எழுதி ஒட்டிய அறிவிப்பின் கீழேயே, மாடியில் குடியிருக்கும் செல்வி இன்று காலை ஸ்கூட்டரின் பழைய ஆயிலைப் பாதி டப்பா ஊற்றிவிட்டாள். கண்டித்தேன்.

"எங்க கம்பெனில எல்லாக் கால்வாயும் சுத்திகரிக்கத்தான் போவும், தாத்தா. இதும் அப்படின்னுல்லா நெனச்சேன். ஏரிக்குப் போவுதுன்னு நீங்க எங்க எழுதிருக்கீய?"

படித்துப் பார்த்தேன். எங்கும் இல்லை.

பதினொன்றையும் அடித்துவிட்டு, "இதில் ஊற்றுவது நேரே நம் ஏரிக்குப் போகிறது" என்று மட்டும் எழுதினேன். அவள் மீதி ஆயிலை மூடி, மெக்கானிக் கடைக்கு எடுத்துச் சென்றாள். மனம் நிறைந்தது.

பருவமழைக்குள் அச்சிடக் கோரி ஊராட்சித் தலைவருக்கு நாளை அனுப்பும் கடிதத்துடன் இணைப்பு: புதிய வாசகம், ஒரு படி. பழையது, ஒப்பிட்டுப் பார்க்க. வாசகம் எழுதியோர் பெயர்கள், செல்வியின் பெயர் முதலில்.